தகரப் புகையிரதங்களின் கதை

ஜேர்மனிய நாட்டிலே முதன்முதற் புகையிரதம் ஓடியது 1835ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 7ஆந் திகதியாகும். நியூரம்பேர்க் நகருக்கும் அதனை அடுத்துள்ள பியூர்த் என்னும் ஊருக்கும் இடையே, நான்கு மைலுக்கும் குறைந்த தூரத்தில், இங்கிலாந்திலே ஸ்ரீபன்சன் தொழிற்சாலையிற் செய்யப்பெற்ற 'கழுகு' என்னும் எஞ்சின் பெட்டிகளை இழுத்துச் சென்றது. அந்நகரமோ பல நூற்றாண்டுகளாக விளையாட்டுப் பொருள் செய்வதிற் பேர்பெற்றிருந்த நகரம். மரத்திலும் ஈயத்திலும் தகரத்திலும் பொம்மைகளும் போர்வீரரும் வண்டிகளும் செய்து அயல்நாடுகளுக்கு அனுப்பிவந்த தொழிலாளர், தம் வாயிலருகே புகை கக்கிச் செல்லும் புதுமையைக் கண்டு வாளாவிருப்பரோ? சிறிது காலத்துள் அவர்தம் பட்டறைகளிலே எஞ்சின்களும் பெட்டிகளும் சிறுவர் கைக்கு அளவாய் உருவெடுக்கலாயின.

அவை தகரத்தினாற் செய்யப்பட்டவை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நாம் தகரம் என்று வழங்குவது உண்மையில் மெல்லிய இரும்புத் தகடேயாம். துருப்பிடியாவண்ணம் அதன் இருபுறமும் வெள்ளீயம் பூசப்பட்டிருக்கும். அதனை வெட்டலாம், வளைக்கலாம், அச்சிலிட்டு அழுத்தலாம், ஈயப்பற்று வைத்து இலகுவாய் ஒட்டலாம், அதன்மேல் வர்ணமும் நன்கு பிடிக்கும். மலிவான பொருளுமாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே உலகுக்கு வேண்டிய வெள்ளீயத்திற் பெரும் பங்கை மலாயா நாடு அளித்தது. 1885ஆம் ஆண்டிலே தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம்வரை போடப்பட்ட மலாயாவின் முதலாவது இருப்புப்பாதை அவ்வுலோகத்தை ஏற்றுதற்கென்றே அமைந்தது. பின்னர் அந்நாட்டுப் புகையிரதப் பகுதியிலே நிலைய அதிபர்களாயும் இலிகிதர்களாயும் யாழ்ப்பாணத்தவர் பலர் பணியாற்றியமை நேயர்கள் அறிந்ததே. ஐரோப்பியச் சிறுவனின் விளையாட்டுப் பொருளுக்கும் நம்மவர் சிலரின் ஓய்வூதியத்துக்கும் இடையே இப்படியொரு நூலிழைத் தொடர்பு இருந்தது என்பது சிந்திக்கச் சுவையானது.

ஆதியில் எழுந்த விளையாட்டுப் புகையிரதங்களுக்குத் தண்டவாளம் இல்லை. கயிறு கட்டித் தரையிலே இழுப்பன சில. சாவி கொடுத்து விட்டால் நேரே ஓடிச் சுவரில் மோதி நிற்பன சில. இங்கிலாந்திலே பித்தளையிற் செய்த சிறு கொதிகலன் எஞ்சின்கள் விற்பனையாயின. மதுசார விளக்கை ஏற்றிவிட்டால் நீர் கொதித்து அவை தாமே ஓடும். ஓடும் வழியெல்லாம் நீரைச் சிந்திச் செல்லும் இயல்பினால், 'ஒழுக்கிகள்' என்று பொருள்படும் பெயரொன்றைச் சனங்கள் அவற்றுக்கு இட்டுவிட்டனர். எரியும் மதுசாரத்துடன் ஓடும் பொருளைக் கம்பளம் விரித்த அறையிலே விடுவது எவ்வளவு ஆபத்தானதென்பதை அக்காலத்துப் பெற்றோர் பெரிதாக எண்ணியதாகத் தோன்றவில்லை.

இந்நிலையை மாற்றியது தென் ஜேர்மனியில், வூர்ட்டெம்பேர்க் பகுதியைச் சேர்ந்த கொப்பிங்கன் என்னும் சிற்றூரிலே தோன்றிய ஒரு குடும்பம். தியோடோர் மேர்க்ளின் என்பவர் தகர வேலை செய்பவர். 1859ஆம் ஆண்டிலே அவர் பொம்மை வீடுகளுக்கு வேண்டிய சிறு அடுப்பு, சட்டி, தட்டு முதலியவற்றைச் செய்யும் தொழிலை ஆரம்பித்தார். அவருடைய மனைவி காரொலினா அம்மையார் கணவர் செய்த பொருள்களை எடுத்துக்கொண்டு தென் ஜேர்மனியிலும் சுவிற்சலாந்திலும் ஊர் ஊராகச் சென்று கடைக்காரரிடம் விலைபேசி விற்றார். பெண்கள் வணிகப் பிரதிநிதிகளாய்த் தனித்துப் பயணஞ் செய்வது அக்காலத்தில் அரிதினும் அரிது. 1866ஆம் ஆண்டிலே தியோடோர் காலமானார். கையிற் குழந்தைகளும், தலையிற் கடனும் பொறுப்புமாக நின்ற அந்த அம்மையார் தொழிலை மூடிவிட்டிருந்தால் ஒருவருங் குறை கூறியிரார். அவரோ ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் அதனை விழாமற் காத்து, 1888ஆம் ஆண்டிலே புதல்வர் கையில் ஒப்படைத்தார். மேர்க்ளின் என்னும் பெயரை இன்று உலகறியும். அப்பெயர் நிலைத்தது எவரால் என்பதைப் பெட்டிகளின்மேல் அச்சிடுவதில்லை.

புதல்வர் காலத்திலே, 1891ஆம் ஆண்டு லைப்சிக் நகரின் வசந்தகாலச் சந்தையில், மேர்க்ளின் சகோதரர்கள் சாவியினால் ஓடும் புகையிரதம் ஒன்றைக் காட்சிக்கு வைத்தனர். எட்டு என்னும் இலக்கத்தின் வடிவிலே வளைந்து தன்னைத்தானே கடந்து செல்லும் தண்டவாளத்தில் அது ஓடிற்று. வியப்பு எஞ்சினில் அன்று, தண்டவாளத்திலேயே இருந்தது. தண்டவாளங்களின் இடையகலத்தை இன்ன இன்ன அளவினது என அவர்கள் வரையறுத்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டனர். முதலாம் இலக்கம் 45 மில்லிமீற்றர்; பின்னர்ச் சேர்ந்த பூச்சிய இலக்கம் 32 மில்லிமீற்றர். அன்றுவரை ஒரு பட்டறையின் எஞ்சின் மற்றொரு பட்டறையின் பாதையில் ஓடாது. இனி அந்தக் குழப்பம் இல்லை.

இதில் வணிகத் தந்திரம் ஒன்றும் அடங்கியிருந்தது. பொம்மை வீடு வாங்கிய சிறுமிக்கு அடுத்த ஆண்டு அடுப்பும், அதற்கடுத்த ஆண்டு நாற்காலியும் வேண்டும் என்பதைக் காரொலினா அம்மையார் காலத்திலேயே அக்குடும்பம் கண்டிருந்தது. அவ்வாறே புகையிரதம் பெற்ற சிறுவனுக்கு ஒவ்வொரு நத்தாருக்கும் இன்னும் ஒரு துண்டுத் தண்டவாளம், ஒரு நிலையம், ஒரு பாலம், ஒரு கைகாட்டி என்று வாங்கிக்கொண்டே போகலாம். முடிவில்லாத விளையாட்டுப் பொருள் ஒன்று இங்ஙனம் பிறந்தது. அவர்கள் வகுத்த இடையகலங்கள் நாடு கடந்து பரவி, இன்றும் வழக்கில் உள்ளன.

மேர்க்ளின் தரத்தாற் பெயர் பெற்றதென்றால், தொகையாற் பெயர் பெற்றது நியூரம்பேர்க்கின் பிங் சகோதரர் தாபனம். இக்னாஸ், அடோல்ப் என்னும் இருவர் 1860களிலே சமையற் பாத்திர வியாபாரமாக ஆரம்பித்தது, முதலாம் உலக யுத்தத்துக்கு முன்னர் உலகத்தின் மிகப்பெரிய விளையாட்டுப் பொருட் தொழிற்சாலையாய் வளர்ந்திருந்தது. செய்முறையிலே நிகழ்ந்த மாற்றமே இவ்வளர்ச்சிக்கு வழி வகுத்தது. முன்னாளில் ஒவ்வொரு துண்டையும் ஈயப்பற்று வைத்து ஒட்டி, கையினாலே வர்ணந்தீட்டி, கோடு வரைந்து, மெருகிட்டனர். 1875ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் றொபேர்ட் பார்க்லே என்பவர் தகரத்தில் அச்சிடும் முறையொன்றுக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். அச்சுக்கல்லும் கடினம், தகடும் கடினம்; ஒன்றிலிருந்து மற்றொன்றில் நேரே பதித்தாற் படம் செவ்வையாய் விழாது. ஆகவே கல்லிலுள்ள படத்தை முதலில் மென்மையான மேற்பரப்பொன்றில் எடுத்து, அதிலிருந்து தகட்டிற் பதிப்பதே அவர் கண்ட உபாயம். பின்னர் சன்னல், கதவு, ஆணிகள், இலக்கம், பொன்வரி எல்லாம் தட்டையான தகட்டிலேயே பல வர்ணத்தில் அச்சாகிவிடும். தகட்டை வெட்டி மடித்து, ஓரத்திலுள்ள நாக்குகளைத் துளைகளிற் செருகி வளைத்துவிட்டால் பெட்டி தயார். ஈயப்பற்றும் வேண்டா, ஓவியரும் வேண்டா. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் உரியதாயிருந்த பொருள் சாதாரண குடும்பத்துக்கும் எட்டியது இதனாலேயே. கைவினைஞன் பலர் வேலை இழந்ததும் இதனாலேயே.

1900ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்துப் பொருட்காட்சியில் ஒரு சந்திப்பு நிகழ்ந்தது. இங்கிலாந்தின் நோர்தாம்ரனைச் சேர்ந்த பாசற்-லோக் என்னும் இளைஞர், பிங் தாபனத்தாரின் வேலைத்திறனைக் கண்டு வியந்தார். ஆயினும் அவ்வெஞ்சின்கள் ஆங்கிலேயச் சிறுவன் தன் ஊர் நிலையத்திற் காணும் எஞ்சினைப் போன்றவையல்ல. ஆகவே ஆங்கில எஞ்சின்களின் வரைபடங்களைக் கொடுத்து அவற்றின்படியே செய்விக்கலானார். பிரித்தானிய வர்ணமும் பெயரும் பூண்டு, நியூரம்பேர்க்கிற் பிறந்து, இலண்டனில் விற்பனையாகிய எஞ்சின்கள் இவை. அவருக்குப் பொருள் செய்து கொடுத்த மற்றொருவர் ஜோர்ஜ் கரெற். இவர் பிரெஞ்சுக்காரர், 1886ஆம் ஆண்டு தொடக்கம் நியூரம்பேர்க்கிலே தொழிற்சாலை நடத்தியவர். பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஜேர்மனியில் இருந்து ஆங்கிலேயச் சிறுவருக்காகத் தகர எஞ்சின் செய்தார் என்னும்போது, அக்காலத்து ஐரோப்பா எத்துணை நெருங்கிப் பின்னியிருந்தது என்பது புலனாகும். 1914ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே யுத்தம் மூண்டது. கரெற் தாம் வாழ்ந்த நாட்டிலே ஒரே நாளிற் பகைவராகிப் பிரான்சுக்குத் திரும்பினார். 1917இல் அவருடைய தொழிற்சாலை முற்றாக மூடப்பட்டது.

யுத்தம் முடிந்தபின் ஜேர்மனியப் பொருள் என்றாலே ஆங்கிலேயர் முகஞ் சுழித்தனர். 1887ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அயல்நாட்டுப் பொருளிலே நாட்டின் பெயர் பொறிக்கப்படல் வேண்டும்; ஆகவே மறைக்கவும் இயலாது. இவ்வெற்றிடத்தை நிரப்பியவர் லிவர்ப்பூல் நகரத்துப் பிராங்க் ஹோர்ன்பி. 1863ஆம் ஆண்டிற் பிறந்த அவர் பொறியியல் கற்றவரல்லர். இறைச்சி இறக்குமதி செய்யும் வியாபாரி ஒருவரிடம் கணக்கெழுதியவர். தம் புதல்வர் விளையாடுதற்காகத் துளையிட்ட உலோகப் பட்டிகளை வெட்டி, ஆணியும் சுரையுங் கொண்டு பொருத்திப் பாரந்தூக்கி முதலியவற்றைச் செய்து காட்டினார். 1901ஆம் ஆண்டு அதற்கு உரிமைப்பத்திரம் பெறுதற்கு வேண்டிய ஐந்து பவுணைத் தம் முதலாளியிடமே கடன் வாங்கினார். மெக்கானோ என்று உலகெங்கும் வழங்கியது அப்பொருளேயாம். 1914ஆம் ஆண்டு பின்ஸ் வீதியில் அவருக்குப் பெருந் தொழிற்சாலை எழுந்தது. 1920ஆம் ஆண்டிலே ஹோர்ன்பி புகையிரதங்கள் சந்தைக்கு வந்தன.

முதல் எஞ்சினை அவர் ஈயப்பற்றினால் ஒட்டவில்லை. மெக்கானோவைப் போலவே ஆணியும் சுரையுங் கொண்டு பொருத்தினார். சிறுவன் அதனைக் கழற்றிப் பார்க்கலாம். உடைந்த பாகத்துக்கு வேறு பாகம் வாங்கிப் பூட்டலாம். கணக்கெழுதியவரின் சிந்தனை இவ்வாறு போயிற்று. 1923ஆம் ஆண்டிலே பிரித்தானியப் புகையிரதக் கம்பெனிகள் நான்கு பெருங் கம்பெனிகளாக இணைக்கப்பட்டபோது, ஹோர்ன்பி ஒரே எஞ்சினுக்கு நான்கு வர்ணந் தீட்டி நான்கு எஞ்சினாக விற்றார். உண்மையான எஞ்சின்கள் நான்கும் உருவத்தில் வேறுபட்டவை என்பதைச் சிறுவர் அறியாதவரல்லர். எனினும் தம் ஊர்க் கம்பெனியின் வர்ணத்தைக் கண்டு மனநிறைவடைந்தனர். 1928இல் ஹோர்ன்பி இருப்புப்பாதைக் கம்பெனி என்ற பெயரிலே சிறுவர்க்கென ஒரு சங்கமும் தோன்றியது. ஹோர்ன்பி 1931இல் பாராளுமன்ற உறுப்பினரானார், 1936இற் காலமானார். அதற்கடுத்த ஆண்டிலே அவருடைய தாபனம் வெளியிட்ட 'இளவரசி எலிசபெத்' என்னும் மின்சார எஞ்சின் தகர வேலையின் உச்சமெனப் போற்றப்படுவது. அதன் விலை ஐந்து கினி. இங்கிலாந்துத் தொழிலாளி ஒருவரின் ஒரு வாரக் கூலியிலும் அது அதிகம். கடைச் சன்னலின் கண்ணாடிக்கு அப்பால் நின்று அதனைப் பார்த்த சிறுவர் பலர். கையில் ஏந்தியவர் சிலர். முதுமையிலே அதனைத் தேடி அலைவோர் யாவரென ஊகிப்பது கடினமன்று.

மின்சாரத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். ஹோர்ன்பியின் முதல் மின்சார வண்டி 1925இல் வந்தது. வீட்டு மின்சாரத்தை நூறு வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்திலே தண்டவாளத்துக்குச் செலுத்தி அதனை ஓட்டினர். சிறுவன் விரல் வைக்கும் தண்டவாளத்தில் இத்தகைய அழுத்தமா என்று இன்று நாம் நடுங்குகிறோம். மேர்க்ளின் தாபனத்தார் 1926இலே மின்மாற்றியைக் கொண்டு அழுத்தத்தை 20 வோல்ற்றாகக் குறைத்தனர். ஏனையோரும் காலப்போக்கில் அவ்வழியே சென்றனர். இரு தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றை அமைத்து, எஞ்சினின் அடியிலுள்ள தகடொன்று அதனை உரசிச் சென்று மின்சாரத்தைப் பெறும்.

அமெரிக்கா இதே கதையை வேறு அளவிலே நடத்தியது. அங்கு பழம்பெரும் ஐவ்ஸ் தாபனம் 1928இல் நொடிந்தது. ஜோசுவா லயனல் கோவன் 1900ஆம் ஆண்டில் ஆரம்பித்த லயனல் தாபனமும் பொருளாதார மந்தத்திலே தள்ளாடியது. 1934இல் ஒரு டொலர் விலையில் அது வெளியிட்ட மிக்கி மவுஸ் கைவண்டி இரண்டரை இலட்சத்துக்கு மேல் விற்றது. அந்த எலியே தாபனத்தைக் காப்பாற்றியது என்பர். ஒரு டொலர்ப் பொருளின் இலாபம் அத்துணைக் கடனைத் தீர்த்திருக்குமா என்பது ஐயத்துக்குரியதே.

அதே மந்தம் நியூரம்பேர்க்கிலே பிங் தாபனத்தை வீழ்த்தியது. 1930களின் தொடக்கத்திலே அது கலைக்கப்பட்டது. இக்னாசின் மகன் ஸ்டெபன் பிங் முன்னரே விலகி, பின்னர் ட்ரிக்ஸ் என்னும் வேறு தொழிலில் ஈடுபட்டிருந்தார். 1935இல் வெளிவந்த ட்ரிக்ஸ் சிறு புகையிரதம் மேசைமேல் ஓடத்தக்கது. நல்ல வரவேற்பும் பெற்றது. ஆனால் பிங் குடும்பத்தார் யூதர். ஹிட்லரின் ஆட்சியிலே யூதரின் தொழில்கள் ஒவ்வொன்றாய்ப் பறிபோயின. தலைமுறை தலைமுறையாய் நியூரம்பேர்க்கின் புகழைத் தகரத்திலே அச்சிட்டு உலகெங்கும் அனுப்பிய குடும்பத்தார், 1930களின் இறுதியிலே தொழிலைக் கைவிட்டு இங்கிலாந்துக்குப் புலம்பெயர நேர்ந்தது. சேகரிப்போர் கையிலே பிங் எஞ்சின் ஒன்று அகப்படும்போது அவர்கள் முதலிற் பார்ப்பது அதன் முத்திரையை. 'ஜி. பி. என்.' என்ற எழுத்துக்கள் இருந்தால் அது முதலாம் யுத்தத்தை ஒட்டிய காலத்துக்கு முற்பட்டது, 'பி. டபிள்யூ.' என்றிருந்தால் அதற்குப் பிற்பட்டது. அதற்கும் பிற்பட்ட முத்திரை என்று ஒன்றில்லை.

இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது தகரமும் ஈயமும் ஆயுதங்களுக்கு வேண்டியனவாயின. லயனல் தாபனம் 1942இல் புகையிரதங்களை நிறுத்திக் கப்பல்களுக்குத் திசையறி கருவிகள் செய்தது. 1943இல் நத்தாருக்கெனக் கடதாசி மட்டையிற் புகையிரதம் ஒன்றை வெளியிட்டது. அதன் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவது அரிதாயிருந்ததாம். யுத்தத்தின் பின் தகரம் மீண்டது. ஆயினும் பழைய நிலை மீளவில்லை. வீடுகள் சிறுத்தன, புகையிரதங்களும் சிறுத்தன. பிளாஸ்ரிக்கை அச்சில் வார்த்தால் ஆணித்தலை முதலாய் நுண்ணிதாய் விழும். தகரத்தில் அச்சிட்ட ஆணித்தலைகள் அதன்முன் வெறும் படங்களாய்த் தோன்றின. 1964இல் மெக்கானோ தாபனம் லைன்ஸ் சகோதரர் கைக்கு மாறியது. தகர வண்டிகளின் உற்பத்தியும் அத்தசாப்தத்திலே ஓய்ந்தது. பின்ஸ் வீதித் தொழிற்சாலை 1979ஆம் ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது.

உற்பத்தி ஓய்ந்தவிடத்தே சேகரிப்புத் தொடங்கிற்று. 1969இலேயே இங்கிலாந்தில் ஹோர்ன்பி சேகரிப்போர் சங்கம் அமைந்துவிட்டது. பரண்களிலும் பழம்பொருட் கடைகளிலுங் கிடந்தவை விலைபெற்றன. 2005ஆம் ஆண்டு ஜனவரியிலே கொப்பிங்கன் நகரின் மேர்க்ளின் நூதனசாலையிற் கள்வர் புகுந்து, பத்து இலட்சம் யூரோவுக்கு மேற் பெறுமதியான பழம் எஞ்சின்களைக் கவர்ந்து சென்றனர். சில வாரங்களில் அவை மீட்கப்பட்டன. நூற்றைம்பதாம் ஆண்டை எய்திய 2009இல் அத்தாபனமே கடன் தீர்க்க வழியின்றி நீதிமன்றத்தை நாடியது. 2013இல் வேறொரு ஜேர்மனிய விளையாட்டுப் பொருட் தாபனத்தார் அதனை வாங்கினர். பழம்பொருளுக்குக் கள்வர் கொடுத்த மதிப்பைப் புதுப்பொருளுக்குச் சந்தை கொடுக்கவில்லை போலும்.

சேகரிப்போரிடையே இரு வழக்குகள் ஓயாதவை. முதலாவது, வர்ணம் உரிந்த எஞ்சினுக்கு மீளவும் வர்ணம் பூசலாமா என்பது. பூசினால் அழகாகும், ஆனால் நூறாண்டுக்கு முன்னர்த் தொழிலாளி ஒருத்தி தூரிகையால் இழுத்த பொன்வரி அதன்கீழ் மறைந்தொழியும். அச்சிட்ட தகரமாயின் ஒருமுறை சுரண்டப்பட்டதை எவராலும் மீட்க முடியாது. ஆகவே, அழுக்கை மெல்லத் துடைத்து, துருவைத் தடுத்து, எஞ்சியதை அப்படியே விடுவதே நேர்மையெனப் பெரும்பாலோர் கொள்கின்றனர். இது சரியான முடிவென்றே தோன்றுகிறது. ஆனால் துடைத்துத் தடுக்க முடியாத நோய் ஒன்றும் உண்டு. 1930களில் எஞ்சின்களின் சில்லுகள் சில நாகக் கலப்புலோகத்தில் வார்க்கப்பட்டன. அதிலே சிறிதளவு ஈயம் மாசாகக் கலந்துவிட்டால், ஆண்டுகள் செல்ல உலோகத்தின் நுண்மணிகளுக்கிடையே அரிப்புப் படர்ந்து, சில்லு வீங்கி, வெடித்து, ஈற்றில் விரலால் அழுத்தினாலே உதிர்ந்துபோம். தொடாமற் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாலும் அது நிற்பதில்லை. புதுச் சில்லு வார்த்துப் பூட்டுவதன்றி வழியில்லை.

இரண்டாவது வழக்கு, ஓட்டுவதா வைத்திருப்பதா என்பது. ஓட்டினால் தேயும் என்பார் கூற்றிலே உண்மையுண்டு. தகரத் தண்டவாளத்தின் மூட்டுக்கள் தளரும், வர்ணம் உரசும், வளைவிலே வேகம் மிகுந்தால் வண்டி புரண்டு விழும். ஆனால் ஓடாத பொறியில் எண்ணெய் பிசினாய் இறுகுவதும் உண்மையே. சாவி எஞ்சினின் உள்ளே மணிக்கூட்டைப் போலவே ஒரு சுருள்வில்லும் பற்சில்லுகளும் உள்ளன. வில் புதிதாய் முறுக்கப்பட்டபோது வலிமை மிகுதி. அவிழ அவிழக் குறைவு. ஆகவே எஞ்சின் முதற் சுற்றிற் பாய்ந்தோடி, கடைச் சுற்றில் ஊர்ந்து, நிலையத்தை எட்டாமலே நின்றுவிடும். அதன் வேகத்தை ஒருசீராக்க ஒரு தடுப்புச் சில்லும், பாதையிலே நிறுத்தும் நெம்பு ஒன்றும் நல்ல எஞ்சின்களில் உண்டு. எத்தனை பெட்டி பூட்டினால் எத்தனை சுற்று ஓடும், வளைவுக்கு முன் எவ்வளவு முறுக்கு எஞ்சியிருக்கும் என்பதைக் கணக்கிட்டு, நிலைய வாசலிலே தானாக நிற்கும்படி ஓட்டுவதில் வல்லவர்கள் சங்கக் கூட்டங்களிலே இருக்கின்றனர். மண்டபத்தின் தரையிலே பாதை விரித்து, நரைத்த தலையினர் முழந்தாளிட்டு இருந்து ஓட்டுவர். மூட்டுக்களைத் துடைப்பர், அச்சுக்களுக்கு ஒரு துளி எண்ணெய் இடுவர், அதற்குமேல் இடார். ஓட்டம் முடிந்ததும் சில்லுகளைத் தூக்கிப் பிடித்து, வில்லின் முறுக்கு முழுவதும் அவிழும்வரை சுழலவிட்டு, அதன் பின்னரே எஞ்சினை அதன் பழைய மட்டைப் பெட்டியில் வைப்பர்.